எய்தவனும் அம்பும்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது தமிழ் மக்களிடையே பெருவழக்காயுள்ள பழமொழி. ஏவியவனே குற்றத்துக்குரியவன், ஏவப்பட்டவன் வெறுங் கருவியே என்பது அதன் கருத்து. அம்பைப் பொறுத்தமட்டில் இக்கூற்று முற்றிலும் உண்மை. அம்புக்குக் கண்ணில்லை, செவியில்லை, நெஞ்சுமில்லை. ஏவப்பட்டது அம்பாகாது மனிதனாயின் இப்பழமொழி அவனுக்கும் பொருந்துமோ? தனித்து நின்றால் பிறர்க்குத் தீங்கு செய்யக் கூசும் ஒருவன், மேலோன் ஒருவனுடைய கட்டளை பிறந்தவுடன் அத்தீங்கைச் செய்து முடிக்கின்றானே, அஃது எதனால்? இவ்வினா போர்க்களங்களுக்கும் பேரரசுகளுக்கும் மாத்திரம் உரியதன்று. மாத்தளை மண்ணிலேயே இதற்குரிய வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. அதனை முதற்கண் நோக்குதல் தகும்.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினால், கண்டி நாட்டுக் குடியானவர் வழிவழியாகப் பயன்படுத்தி வந்த சேனை நிலங்களும் காடுகளும் உறுதிப் பத்திரம் இன்மையால் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. அவற்றுட் பெரும் பகுதி கோப்பித் தோட்டங்களாயிற்று. பின்னர்க் கோப்பியின் விலை வீழ்ந்து அரசாங்கத்தின் வருவாய் குன்றவே, 1847 இல் தேசாதிபதியாக வந்த ரொறிங்டன் பிரபு குடிகள் மீது புதிய வரிகளைச் சுமத்தினார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி என அவை விரிந்தன. இவற்றோடு, ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கொடுத்தல் வேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. 1848 யூலை 26 இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாகப் பிரகடனஞ் செய்யப்பட்டான். யூலை 28 இல் கிளர்ச்சிக்காரர் மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தனர். மறுநாள் கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அன்றே வாரியப்பொலவில் கப்டன் லில்லியின் படை கிளர்ச்சிக்காரரை எதிர்ப்பட்டுச் சிதறடித்தது. கிளர்ச்சி சில நாள்களில் ஓய்ந்தது. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் 10 வரை நீடித்தது.

கிளர்ச்சி ஓய்ந்த பின்னர் நிகழ்ந்தவையே இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. அரசப் படையினருள் ஒருவரேனும் இக்கிளர்ச்சியில் உயிரிழக்கவில்லை. அவ்வாறிருந்தும் இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பின்படி பதினெண்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரான் அப்பு 1848 ஓகஸ்ட் 8 இல் கண்டிப் போகம்பரையிற் கொல்லப்பட்டான். அதே மாதத்தில் கடஹபொலத் தேரர் என்னும் பௌத்த துறவி காவியுடை களையப்படாமலே சுடப்பட்டார். அவருக்கெதிரான சான்று வலியற்றது என்பதை உணர்ந்த அரச வழக்கறிஞர் செல்பி, தண்டனையைத் தாமதிக்குமாறு மேலிடத்தை வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. இதற்கு மாறாக, கிளர்ச்சியின் தலைவனும் அரசனென முடிசூட்டப்பட்டவனுமாகிய கொங்காலேகொட பண்டா செப்டெம்பர் 21 இலேயே பிடிபட்டான். அவன் இராணுவ நீதிமன்றத்துக்கன்றி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டான். மரண தண்டனை விதிக்கப்பட்டதெனினும் அது பின்னர்க் கசையடியாகவும் நாடு கடத்தலாகவும் மாற்றப்பட்டது. அவன் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டு 1849 இல் அங்கே இறந்தான். ஒரே கிளர்ச்சியிற் பங்கு கொண்டோருள், விரைந்து தீர்க்கப்பட்ட சிறியோர் உயிரிழந்தனர். தாமதித்துத் தீர்க்கப்பட்ட தலைவன் உயிர் தப்பினான். இவ்வேறுபாடு குற்றத்தின் அளவினால் விளைந்ததன்று. ஆணை செல்லும் வழியில் நின்று நிதானித்து வினவுவோர் இருந்தனரோ இல்லையோ என்பதனால் விளைந்ததேயாம்.

சுட்டவர் யாவர்? இலங்கை றைபிள் படையிற் பெரும்பாலார் மலாய் வீரர். ஏனைய படையினர் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வந்த எளிய குடும்பத்தவர். நாய் வரியினாலோ காணிச் சட்டத்தினாலோ இவர்களுக்கு யாதொரு வழக்குமில்லை. மாத்தளைக் குடியானவர் மீது தனிப்பட்ட பகையுமில்லை. துப்பாக்கி தாங்கிய வீரனை வினவினால், "அதிகாரி ஆணையிட்டார்" என்றிருப்பான். அதிகாரியை வினவினால், "இராணுவ நீதிமன்றம் தீர்த்தது" என்றிருப்பான். நீதிமன்றத்தில் அமர்ந்தவரோ, "இராணுவச் சட்டம் நடைமுறையிலுள்ளது" எனக் கூறியிருப்பர். தேசாதிபதியோ, கீழுள்ள அதிகாரிகள் அனுப்பிய அறிக்கைகளைச் சுட்டியிருப்பார். இவ்வாறு ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்ட, பழி ஓரிடத்திலும் தங்காது வட்டமிட்டுக்கொண்டேயிருக்கும். கொல்லப்பட்டவன் மாத்திரம் ஓரிடத்திற் கிடப்பான்.

இவ்வட்டத்தைத் தமிழ்ப் புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டு காட்டியுள்ளனர். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை ஊன்றிக் கற்போர் இதனை அறிவர். பொற்கொல்லன் சொற்கேட்ட பாண்டியன், சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு காவலர்க்குக் கூறுகின்றான். காவலர் ஆராய்ந்து செய்வர் என்பது அரசனின் எண்ணம் போலும். கோவலனைக் கண்ட காவலரோ, இவன் தோற்றத்தாற் கொலைக்குரிய கள்வனல்லன் என முதலிற் கூறவே செய்கின்றனர். அவ்விடத்தில் அவர்கள் நெஞ்சு விழித்தேயிருந்தது. பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்துக் களவு நூலை எடுத்து விரிக்கின்றான். கள்வர் கையாளும் மந்திரமும் மருந்தும் தந்திரமும் பிறவும் கற்றவன் கூறுமாப்போலக் கூறப்படுகின்றன. காவலன் ஒருவன் மழையிரவில் தான் ஒரு கள்வனிடம் அகப்பட்டுத் தப்பிய கதையைச் சொல்லி, கடமை தவறினால் அரசன் நம்மை ஒறுப்பான் என அஞ்சுகின்றான். அறிவின் பெயரால் ஒரு பொய்யும், அனுபவத்தின் பெயரால் ஓர் அச்சமும் சேர்ந்த அந்நேரத்தில், கல்லாத களிமகன் ஒருவன் வாளை ஓச்சி விடுகின்றான். வெட்டியவன் ஒருவனே. முதலில் ஐயுற்ற ஏனையோர் அவன் கையைப் பற்றித் தடுத்திலர். ஐயம் கொண்டும் வாளாவிருத்தல் கீழ்ப்படிதலின் மற்றொரு வடிவம் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இலக்கியமும் வரலாறும் காட்டிய இவ்வுண்மையை உளவியலார் அளந்தறிய முற்பட்டது இருபதாம் நூற்றாண்டில் ஆகும். இரண்டாம் உலகப் போரில் யூத மக்களைக் கொலைக் கூடங்களுக்கு அனுப்பும் பணியை ஒழுங்கு செய்த ஐக்மன் என்பவன், 1961 இல் எருசலேமில் விசாரிக்கப்பட்டபோது, தான் கட்டளையை நிறைவேற்றியவன் மாத்திரமே என வாதித்தான். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிராம் என்னும் உளவியலாளர் தம் பரிசோதனைகளைத் தொடங்கினார். ஞாபகசக்தி பற்றிய ஆராய்ச்சி என அறிவித்து, சிறு கூலி கொடுத்துப் பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். வந்தவர் ஆசிரியராக அமர்வர். அடுத்த அறையில் மாணவராக ஒருவர் இருப்பர். மாணவர் பிழையான விடை கூறுந்தோறும் ஆசிரியர் மின்னதிர்ச்சி கொடுத்தல் வேண்டும். 15 உவோற்றில் தொடங்கி 450 உவோற்று வரை 30 ஆளிகள் வரிசையாக இருந்தன. உண்மையில் மின்சாரம் பாயவில்லை. மாணவராக இருந்தவர் நடித்தவர். இது ஆசிரியராக அமர்ந்தவர்க்குத் தெரியாது. சாம்பல்நிற மேலங்கி அணிந்த ஆராய்ச்சியாளர், தயங்கியவரை நோக்கி, தொடருமாறு அமைதியாகக் கூறுவார். அச்சுறுத்தலில்லை, தண்டனையில்லை.

ஆயிரத்தில் ஒருவரே இறுதி ஆளி வரை செல்வர் என உளநோய் மருத்துவர் முற்கூட்டியே மதிப்பிட்டிருந்தனர். 1963 இல் வெளியிடப்பட்ட முடிவோ வேறு. 40 பேரில் 26 பேர் 450 உவோற்று வரை சென்றனர். அவர்கள் கொடியவர்களோ? அல்லர். வியர்த்தனர், நடுங்கினர், நிறுத்தலாமா என வேண்டினர், வேண்டிக்கொண்டே அடுத்த ஆளியை அழுத்தினர். மதுரைக் காவலரின் ஐயமும் இவர்களின் நடுக்கமும் ஓரினத்தன. மனச்சான்று இருந்தது, அது கைவரை வந்து சேரவில்லை.

இவ்வாறு நிகழ்வதன் காரணங்களைப் பகுத்து நோக்குதல் வேண்டும். முதலாவது காரணம் பொறுப்பு இடம் பெயர்தல். ஆணையிடுவோன் தகுதியுடையவன் என ஒருவன் ஏற்றுக்கொண்டவுடன், தன் செயலைத் தன்னுடையதாக அவன் எண்ணுவதில்லை. பிறனொருவனுடைய எண்ணத்தைத் தன் கை நிறைவேற்றுகின்றது எனக் கருதுகின்றான். அவனுடைய நல்லொழுக்கம் அப்போதும் அழிவதில்லை. அது திசை மாறுகின்றது. செய்வது நன்றோ என்னும் கவலை நீங்கி, சொன்னதைச் செவ்வனே செய்தோமோ என்னும் கவலை அவ்விடத்தைப் பற்றிக்கொள்கின்றது.

இரண்டாவது காரணம் படிப்படியாக ஏறுதல். எடுத்தவுடனே 450 உவோற்றை அழுத்தச் சொன்னால் பலர் மறுத்திருப்பர். 15 இல் தொடங்கியவனுக்கு 30 பெரிதாகத் தோன்றாது. 300 ஐ அழுத்தியவனுக்கு 315 ஐ மறுக்கக் காரணம் கிட்டாது. மறுத்தால், இதுவரை செய்தது பிழை என ஒப்புக்கொள்வதாகும். 1848 இலும் கொலை முதலில் வரவில்லை. முதலில் வரிப் பதிவு. பின்னர்ப் படை நடை. பின்னர்ச் சொத்துப் பறிமுதல். அதன் பின்னரே துப்பாக்கி.

மூன்றாவது காரணம் வேலைப் பங்கீடும் தூரமும். ஆளியைத் தாம் அழுத்தாது, வினாவை வாசிப்பது போன்ற துணை வேலையை மாத்திரம் செய்தவருள் 40 பேரில் 37 பேர் இறுதிவரை உடன் நின்றனர். மாறாக, மாணவரின் கையைத் தாமே பற்றித் தகட்டின்மேல் வைக்க வேண்டியபோது, நூற்றுக்கு 30 பேரே இறுதிவரை சென்றனர். துன்பம் கண்ணுக்கும் கைக்கும் நெருங்குந்தோறும் கீழ்ப்படிதல் குறைகின்றது. எழுதுகோலால் ஒப்பமிடுபவனுக்குத் துப்பாக்கியின் ஓசை கேட்பதில்லை. மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய அமைப்பும் இதற்கு ஓர் உதாரணம். தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறையிடுதற்கு 1865 ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. துரை முறையிடுவார், எழுதுவினைஞர் மனு எழுதுவார், காவலர் பிடித்து வருவார், நீதவான் தீர்ப்பார், கங்காணி அடையாளங் காட்டுவார். ஐவரும் தத்தம் சிறுவேலையையே செய்தனர். பசியால் ஓடிய ஒருவன் சிறை புகுந்தான் என்னும் முழுச்செயலைச் செய்தவர் எவருமிலர்.

நான்காவது காரணம் நம்பிக்கை. மில்கிராமின் விளக்கத்தைப் பின்வந்தோர் அப்படியே ஏற்றிலர். பங்குபற்றியோர் சிலர் மின்னதிர்ச்சி மெய்யென நம்பவில்லை எனச் சிலர் குறைகூறினர். ஹாஸ்லம், றைக்கர் என்னும் உளவியலார் மற்றொன்றை எடுத்துக்காட்டினர். ஆராய்ச்சி நற்பணி என நம்பியோரே தொடர்ந்தனர். "உமக்கு வேறு வழியில்லை, தொடர்தல் வேண்டும்" என வெறுங் கட்டளையாகக் கூறப்பட்டபோது மக்கள் மறுக்கவே தலைப்பட்டனர் என்பது அவர்களின் கருத்து. ஆகவே மனிதர் பொறி போல இயங்குகின்றனர் என்பது முழு உண்மையன்று. ஒரு பெருநோக்கத்தின் பொருட்டு இத்தீங்கு இன்றியமையாதது எனத் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். பொற்கொல்லன் வெறுங் கட்டளையைத் திரும்பக் கூறவில்லை. காரணங் காட்டி நம்பச் செய்தான். 1848 இல் ஒழுங்கும் அமைதியும் காக்கப்படுகின்றன என்பதே ஆணையின் போர்வை. அச்சமும் ஊதியமும் இவற்றோடு சேர்வன. எனினும் அச்சம் சிறிதுமில்லாத யேல் அறையிலும் மக்கள் கீழ்ப்படிந்தனர் என்பதை மறத்தலாகாது.

இனி, மறுத்தோர் ஏன் மறுத்தனர் என்பதும் ஆராயத்தக்கது. நம்பிக்கைக்கு இடந்தரும் பகுதி இதுவே. மில்கிராமின் பரிசோதனை ஒன்றில், உடனிருந்த வேறிருவர் இடையில் மறுத்து எழுந்தனர். அதனைக் கண்டோருள் 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றனர். ஆராய்ச்சியாளர் இருவர் தமக்குள் முரண்பட்டபோது ஒருவரேனும் இறுதிவரை செல்லவில்லை. ஆராய்ச்சியாளர் அறையை விட்டு நீங்கித் தொலைபேசியிற் கட்டளையிட்டபோது கீழ்ப்படிந்தோர் ஐந்திலொரு பங்கினர். கட்டளையின் வலிமை அதனை எதிர்க்கும் குரல் எழாமையிலேயே தங்கியுள்ளது என்பது இதனாற் பெறப்படும். 1848 இல் செல்பியின் குரல் ஒரு தேரரைக் காக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அத்தகைய குரல்கள் வீண்போகவில்லை. செய்தி இங்கிலாந்தை எட்டியது. பாராளுமன்றத்தின் பொதுச் சபை விசாரணைக் குழுவை நியமித்தது. 1850 இல் ரொறிங்டன் பிரபு பதவியை விட்டு நீங்க நேர்ந்தது.

இந்திய வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்கலாம். 1919 ஏப்ரல் 13 இல் அமிர்தசரசின் ஜலியன்வாலா பாக்கில், டயரின் ஆணைப்படி ஏறத்தாழ 50 படைவீரர் ஆயுதமற்ற மக்கள் மீது பத்து நிமிடமளவு சுட்டனர். பாய்ந்த குண்டுகள் 1650; இறந்தோர் அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர். சுட்டவர் இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தோரே. 1930 ஏப்ரல் 23 இல் பெசாவரில், ஆயுதமற்ற கூட்டத்தின் மீது சுடுமாறு கர்வால் படையினர்க்கு ஆணை பிறந்தது. சந்திரசிங் கர்வாலி முதலானோர் சுட மறுத்தனர். அவருக்கு ஆயுட்காலத் தண்டனை கிடைத்தது. இரு கூட்டத்தாரும் ஒரே பேரரசின் சம்பளம் பெற்றோர். ஒரே பயிற்சி பெற்றோர். ஒரே தண்டனைக்கு உட்பட்டோர். பெசாவரில் ஒருவன் வாய் திறந்தான். மற்றோர் அவனோடு நின்றனர். வேறுபாடு அதுவே.

சட்டமும் இவ்வழியிலேயே வளர்ந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின் பின் நூரம்பேர்க் விசாரணையில், மேலோன் கட்டளை என்பது குற்றத்தைப் போக்காது என்னும் கொள்கை நிலைநாட்டப்பட்டது. ஒழுக்க முறையில் வேறு வழியைத் தெரிந்துகொள்ள இடமிருந்ததா என்பதே வினாவாயிற்று. இலங்கையிலும் இக்கொள்கை சோதிக்கப்பட்டது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்னும் இளம்பெண் படையினராற் கொல்லப்பட்டாள். வழக்கில் மேலதிகாரியின் கட்டளை என்ற வாதம் எழுந்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. குற்றவாளிகளாகக் காணப்பட்ட படையினர்க்குப் பதினாறு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஏவப்பட்டவன் அம்பல்லன் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இவற்றைக் கண்டு கீழ்ப்படிதலே தீது என முடிவு செய்வார் உளராயின் அவர் பிழைபட்டோராவர். வைத்தியசாலையில் தாதி மருத்துவர் சொற்கேளாவிடின் நோயாளி இறப்பான். வகுப்பறையில் ஒழுங்கில்லையாயிற் கல்வியில்லை. வள்ளுவர் அரசையும் அமைச்சையும் படையையும் பாடியவர். ஆணையின்றி நாடு நடவாது என்பதை நன்கறிந்தவர். அவரே அமைச்சர்க்குரிய பகுதியில் வினைத்தூய்மை என ஓர் அதிகாரம் வகுத்து, பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தபோதும் சான்றோர் பழிக்குஞ் செயலைச் செய்யற்க என்றார். இஃது அரசனுக்குக் கூறியதன்று. அரசனின் பணியாளனுக்குக் கூறியது. வயிற்றுக்காகச் செய்தேன், வேலைக்காகச் செய்தேன் என்னும் சமாதானத்தை முன்னரே அறிந்து அடைத்துவைத்த வாசகம் அது. இடித்துக் கூறுவாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் கெடுப்பாரின்றியும் கெடுவான் என்பதும் அவர் கொள்கை. மறுத்துரைக்கும் பணியாளன் ஆணையின் பகைவனல்லன், அதன் காவலன். பாண்டியன் காவலருள் ஒருவன் அரண்மனைக்குத் திரும்பி, "அரசே, இவன் கள்வனாகத் தோன்றவில்லை" எனக் கூறியிருப்பின், காக்கப்பட்டவன் கோவலன் மாத்திரமல்லன்; அரசனும் மதுரையும் காக்கப்பட்டிருக்கும்.

ஆகவே ஆணையைப் பெறுவோன் தன்னைத்தானே வினவுதற்குரியன மூன்று. இவ்வாணையால் துன்புறுவோன் யாவன், அவன் முகத்தை யான் கண்டேனோ என்பது ஒன்று. எவரும் ஏவாவிடின் இதனை யான் செய்வேனோ என்பது மற்றொன்று. என் ஐயத்தை வாய்திறந்து எவர்க்கேனும் கூறினேனோ என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே தலையாயது. முதலிரண்டும் நெஞ்சில் எழுந்து நெஞ்சிலேயே அடங்கிவிடக் கூடும். மதுரைக் காவலர்க்கும் அவ்வாறே அடங்கின. சொல்லப்பட்ட ஐயமே அருகில் நிற்பவனுக்குத் துணிவாகும்.

இவ்வினாவைக் கேட்கும் பழக்கம் துப்பாக்கி கையில் வந்த பின்னர்த் தோன்றுவதன்று. பாடசாலையிலேயே தோன்றுதல் வேண்டும். ஒரு மாணவனை ஏளனஞ் செய்யுமாறு வகுப்பு முழுவதும் தூண்டப்படும்போது, "நான் சேரமாட்டேன்" எனக் கூறும் ஒரு சிறுவன் அங்கே அப்பயிற்சியைப் பெறுகின்றான். புதிய மாணவரை வதைத்தல் பல்கலைக்கழக மரபு என மூத்தோர் கட்டளையிடும்போது மறுத்து நிற்கும் இளைஞன் அதிற் தேர்ச்சி பெறுகின்றான். ஆசிரியரின் கூற்றிற் பிழை கண்டு பணிவோடு எழுந்து வினவும் மாணவனைத் தண்டிக்கும் கல்விக்கூடம், நல்ல அம்புகளை ஆக்கக்கூடும். அவனுக்கு மறுமொழி கூறும் கல்விக்கூடமே மனிதரை ஆக்கும்.